விடுமுறைக் காலத்து மிஷனெரிகள்

கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பக் கடல் கடந்து செல்பவர் அங்கே எவ்வளவு காலம் தங்க வேண்டும் என்ற கேள்வி பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் எழவேயில்லை. சாகும் வரையிலோ, உடல்நலம் முற்றிலும் கெட்டுத் திருப்பி அனுப்பப்படும் வரையிலோ அவர் அங்கேயே இருப்பார் என்று அனுப்பியவர்களும் எதிர்பார்த்தனர், சென்றவர்களும் அப்படியே எண்ணிக் கப்பலேறினர். இன்று அதே பணியின் பெயரால் அமெரிக்க, கொரியச் சபைகளிலிருந்து ஆண்டுதோறும் புறப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரங்களில் வீடு திரும்பிவிடுகின்றனர். குறுகிய கால ஊழியம் என்று கிறிஸ்தவர்கள் வழங்கும் இந்தப் பயணமுறை, அதாவது ஒரு சபையையோ கல்லூரியையோ சேர்ந்த குழு தன் செலவில் வெளிநாடு சென்று கட்டட வேலை, மருத்துவ முகாம், சிறுவர் வகுப்பு, தெருநாடகம் முதலியவற்றைச் செய்துவிட்டுத் திரும்பும் முறை, இப்போதைய வடிவில் எழுபது ஆண்டுப் பழமைகூட இல்லாதது. அதன் கால அளவு எவ்வாறு சுருங்கி வந்தது என்று பார்த்தால், அந்தச் சுருக்கத்தைப் பெற்றுக்கொள்ளும் ஊரின் தேவை தீர்மானித்த இடங்கள் மிகக் குறைவு என்பதும், அனுப்பும் நாட்டின் போக்குவரத்தும் சட்டங்களும் கல்லூரி நாட்காட்டியுமே பெரும்பாலும் தீர்மானித்தன என்பதும் தெரிய வருகின்றன.

பழைய முறையின் இலக்கணத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தரங்கம்பாடி ஒன்றே போதும். 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சோவும் 1706 ஜூலையில்தான் கரையிறங்கினர். ஏழு மாதத்துக்கும் மேலான கடற்பயணம் என்பதே, சில வாரங்கள் தங்கித் திரும்புவது என்ற எண்ணத்தை அர்த்தமற்றதாக்கிவிடும். சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டு முடிப்பதற்கு 1715 ஆயிற்று. 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் அவ்வூரிலேயே இறந்தார். 1750இல் வந்த சுவார்ட்ஸ் 1798இல் தஞ்சையில் இறக்கும் வரை ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. 1793இல் வங்கம் வந்த வில்லியம் கேரி 1834இல் செராம்பூரில் இறந்தார். 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் விடுப்பில்கூட ஊர் திரும்பாமல் 1951இல் டோனாவூரில் மறைந்தார். இவர்களுடைய சமய நோக்கம் பற்றியும் அதன் சமூக விளைவுகள் பற்றியும் கருத்து வேறுபாடுகள் பல உண்டு. ஆயினும் வாழ்நாள் தங்கல் என்ற ஒரே காரணத்தால் மொழி கற்பது தவிர்க்க முடியாத முதல் கடமையாயிற்று என்பதும், அக்கடமையின் பக்க விளைவாகவே இலக்கணங்களும் அகராதிகளும் அச்சுக்கூடங்களும் தோன்றின என்பதும் மறுக்க இயலாதவை.

இந்தப் பொதுவிதிக்கு ஒரு விலக்கு தொடக்கத்திலேயே இருந்தது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் வாழ்ந்த மொராவியர் என்னும் சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவினர், கரீபியக் கடலிலுள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடையே பணி செய்ய 1732இல் லியோனார்ட் டோபர் என்ற குயவரையும் டேவிட் நிட்ச்மன் என்ற தச்சரையும் அனுப்பினர். டோபரைக் குடியமர்த்தும் வரை துணையிருப்பதே நிட்ச்மனின் வேலை. சில மாதங்களில் அவர் திரும்பிவிட்டார். நவீன புராட்டஸ்டன்ட் மிஷன் வரலாற்றின் முதல் அத்தியாயங்களிலேயே குறுகிய காலத்துக்கென்று சென்ற ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் கையில் உளியும் இழைப்புளியும் பழகிய தொழிலாளி என்பதும், பிற்காலத்தில் சுத்தியல் பிடித்தறியாத மாணவர்கள் வீடு கட்டப் புறப்பட்டதை நினைக்கும்போது கவனிக்கத்தக்கவை.

நீராவிக் கப்பலும் 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயும் பயணத்தை வாரக்கணக்குக்குக் கொண்டுவந்த பிறகு, மிஷனெரிகளுக்கு முறையான நீண்ட விடுப்பு என்ற ஏற்பாடு வேரூன்றியது. பல சங்கங்களில் ஐந்து முதல் ஏழு ஆண்டுப் பணிக்குப் பின் ஓராண்டு தாய்நாட்டில் தங்கலாம். அந்த ஆண்டு ஓய்வாகவும் கழியவில்லை, ஊர் ஊராகச் சென்று பணித்தளத்தைப் பற்றிப் பேசிக் காணிக்கை திரட்டுவதிலேயே அதன் பெரும்பகுதி போயிற்று. இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1865இல் ஹட்சன் டெய்லர் நிறுவிய சீன உள்நாட்டு மிஷன் தன் ஊழியர்களுக்கு நிலையான சம்பளம் தர மறுத்து, கடவுள் மனிதர்களின் உள்ளத்தை ஏவி வேண்டியதைத் தருவார் என்ற நம்பிக்கையிலேயே அவர்களை அனுப்பியது. இவ்வகைச் சங்கங்களுக்கு விசுவாச மிஷன்கள் என்று பெயர். டெய்லர் யாரிடமும் நேரடியாகப் பணம் கேட்கக் கூடாது என்றார். அவருக்குப் பின்வந்த பலர் கேட்கலாம் என்று விதியைத் தளர்த்தினர். இந்தத் தளர்வு இல்லாவிடில், தனியொரு மாணவன் தன் உறவினர்களுக்கும் சபையாருக்கும் கடிதம் எழுதி விமானக் கட்டணம் சேர்க்கும் இன்றைய வழக்கம் பிறந்திருக்காது. தலைமையகம் சம்பளம் கொடுக்கும் முறையில், இரண்டு வாரத்துக்கு ஒருவரை அனுப்பும் செலவை எந்த நிர்வாகக் குழுவும் அனுமதித்திராது.

மாணவர்களைப் பெருந்திரளாக மிஷன் பணிக்கு ஈர்த்த முதல் இயக்கம் 1886இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மவுண்ட் ஹெர்மன் பள்ளியில், சுவிசேஷகர் டுவைட் மூடி நடத்திய கோடைக்கால வேதாகம முகாமில் உருவானது. ஏறத்தாழ நூறு மாணவர்கள் வெளிநாட்டு மிஷனெரியாகச் செல்வதாக அங்கே உறுதி கூறினர். அதிலிருந்து வளர்ந்த மாணவர் தன்னார்வ இயக்கத்தின் வழியாக அடுத்த அரை நூற்றாண்டில் சுமார் 20,000 பேர் வெளிநாடு சென்றனர். கோடை விடுமுறையும் இளைஞர் உற்சாகமும் பொதுமேடை அழைப்பும் ஆகிய மூன்றும் இங்கேயே கைகோத்துவிட்டன. ஆனால் உறுதிமொழி வாழ்நாளுக்கானதாகவே இருந்தது. கோடை முகாம் முடிவெடுக்கும் இடமாக இருந்ததேயன்றிப் பணி செய்யும் காலமாக இருக்கவில்லை.

சில காலத்துக்கு மட்டும் உடலுழைப்பைத் தருவது என்ற கருத்து மிஷன் சங்கங்களுக்கு வெளியிலிருந்து, போரை எதிர்த்த கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. சுவிட்சர்லாந்துப் பொறியாளரும் அமைதிவாதியுமான பியேர் செரெசோல் 1920இல், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தை மீண்டும் கட்டப் பல நாட்டவர் அடங்கிய சிறு குழு ஒன்றைக் கூட்டிச் சென்றார். முந்தைய போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் மக்கள் ஒன்றாக மண் சுமப்பதே ஒரு சாட்சி என்பது அவர் எண்ணம். இதிலிருந்து பணிமுகாம் என்ற வடிவம் ஐரோப்பாவெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆயுதம் ஏந்த மறுக்கும் மெனோனைட் சபையினர் கட்டாய ராணுவச் சேவைக்கு மாற்றாகத் தம் இளைஞர்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பும் பாக்ஸ் என்ற திட்டத்தை 1951இல் தொடங்கினர். முதற்குழு மேற்கு ஜெர்மனியின் எஸ்பல்காம்பில் அகதிகளுக்கு வீடு கட்டியது. 1976 வரை நடந்த இத்திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அவர்களில் பலர் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகள், கைவேலை பழகியவர்கள். ராணுவச் சேவைக்கு ஈடான பணி என்பதால், அவர்கள் எவ்வளவு காலம் தங்குவது என்பதையும் அமெரிக்க ராணுவச் சட்டமே நிர்ணயித்தது.

போருக்குப் பிந்தைய பத்தாண்டில் பழைய முறைக்கு இரண்டு பக்கங்களிலும் நெருக்கடி வந்தது. 1949இல் மாவோவின் வெற்றியைத் தொடர்ந்து, சில ஆண்டுகளுக்குள், உலகின் மிகப் பெரிய மிஷன் களமாயிருந்த சீனா அயல்நாட்டு மிஷனெரிகளுக்கு முற்றிலும் மூடப்பட்டது. இந்தியாவில் மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு, மதமாற்றமே முதன்மை நோக்கமாகக் கொண்ட அயல்நாட்டு மிஷனெரிகள் திரும்ப அழைக்கப்பட வேண்டும் என்று 1956இல் பரிந்துரைத்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றிலும் நிரந்தரமாகத் தங்குவதற்கான விசா அரிதாயிற்று. மறுபக்கம், அனுப்பும் நாட்டில் வாழ்நாள் உறுதிமொழிக்கு இளைஞர்கள் தயங்கினர். அமெரிக்க மெதடிஸ்ட் சபை 1948இல் கல்லூரிப் பட்டதாரிகளை மூன்றாண்டுக்கு மட்டும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அனுப்பத் தொடங்கியது, இந்தத் தயக்கத்துக்கு ஒரு பெரிய சபை செய்துகொண்ட முதல் முக்கியமான சமரசம். மூன்றாண்டில் ஜப்பானிய மொழியில் சரளமாக எழுதப் பேச முடியாது. ஆகவே அவர்கள் செய்ததில் ஆங்கிலம் கற்பிப்பது பெரிய இடத்தைப் பெற்றது. போகும் இடத்தின் மொழியைக் கற்கும் கடமை, அங்குள்ளவர்களுக்குத் தன் மொழியைக் கற்பிக்கும் பணியாகத் தலைகீழானது இந்தக் கட்டத்தில்தான்.

1958இல் பான் அமெரிக்கன் நிறுவனம் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் போயிங் 707 ஜெட் சேவையைத் தொடங்கிய அதே ஆண்டில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிரஸ்பிட்டேரியன் போதகராக இருந்த கறுப்பினத்தவரான ஜேம்ஸ் ராபின்சன், வெவ்வேறு இன மாணவர்கள் கலந்த ஒரு குழுவைக் கோடை விடுமுறையில் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள மாணவர்களோடு சேர்ந்து கட்டட வேலை செய்ய வைத்தார். ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ் ஆப்பிரிக்கா என்ற அந்த முயற்சியையே தன்னார்வலர்களை அயல்நாட்டுச் சேவைக்கு அனுப்ப 1961இல் தாம் நிறுவிய அமைதிப் படையின் முன்னோடி என்று அதிபர் கென்னடி பாராட்டினார். அரசின் அமைதிப் படை பிறந்ததும் அதன் புகழ் திரும்பி வந்து சபைகளைப் பாதித்தது. இரண்டாண்டு அயல்நாட்டுச் சேவை என்பது ஒரு தலைமுறைக்கே இலட்சியமாகிவிட, அதற்கு ஈடாகத் தம்மிடமும் ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்று மிஷன் சங்கங்கள் கருதின. கத்தோலிக்கத் திருச்சபையில் லத்தீன் அமெரிக்காவுக்கான பாப்பரசரின் தன்னார்வலர்கள் என்ற பொதுநிலையினர் அமைப்பு 1960இல் தோன்றியதும், வட அமெரிக்கத் துறவியரில் பத்தில் ஒரு பங்கினரை லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்புமாறு 1961இல் வத்திக்கான் கேட்டுக்கொண்டதும் இதே காலத்து நிகழ்ச்சிகளே.

இப்போதைய வடிவத்தை உண்மையில் உருவாக்கியவை பெரிய சபைகளோ பழைய சங்கங்களோ அல்ல. இருபது வயதைக்கூட எட்டாத அல்லது சற்றே கடந்த சில இளைஞர்கள், அனுமதி கேட்காமல் தொடங்கிய இரண்டு அமைப்புகளே அதற்குப் பொறுப்பு. அவற்றில் முதலாவது ஆபரேஷன் மொபிலைசேஷன். 1955இல் நியூயார்க்கில் சுவிசேஷகர் பில்லி கிரஹாமின் கூட்டத்தில் மனந்திரும்பிய ஜார்ஜ் வெர்வர் என்ற மாணவர், 1957 கோடையில் தம் தோழர்களான டேல் ரோட்டன், வால்டர் போர்ச்சர்ட் இருவருடன் பழைய டிரக் ஒன்றில் ஸ்பானிய மொழிச் சுவிசேஷங்களையும் கைப்பிரதிகளையும் ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்குப் போனார். கைப்பிரதி என்பது சமயச் செய்தியைச் சில பக்கங்களில் அச்சிட்டு இலவசமாக வழங்கும் சிற்றேடு. இந்தத் தேர்வு முக்கியமானது: பேச மொழி தெரியாதவர்களுக்காக அச்சிட்ட தாள் பேசியது. வெர்வர் பின்பு ஃபிராங்கோ ஆட்சியில் புராட்டஸ்டன்டுகளுக்குக் கெடுபிடி மிகுந்திருந்த ஸ்பெயினுக்குச் சென்றார். 1961இல் சோவியத் ஒன்றியத்துக்குள் காரில் சமய நூல்களைக் கொண்டுசென்று பிடிபட்டு வெளியேற்றப்பட்டார். ஐரோப்பிய இளைஞர்களை அவர்கள் கண்டத்திலேயே திரட்டுவது என்ற திட்டம் அதன்பின் உருவாகி, 1963 கோடையில் சுமார் 2,000 பேர் ஐரோப்பாவெங்கும் குழுக்களாகச் சென்றதாக அவ்வமைப்பு பதிவு செய்துள்ளது. ஆண்டு முழுவதும் தங்கும் குழுக்களும் அதே பருவத்தில் உருவாயின. அவற்றில் சில, பழைய லாரிகளில் துருக்கி, ஈரான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன.

லாரிகளில் ஏற்றிவரும் புத்தகத்துக்கும் ஆட்களுக்கும் ஒரு வரம்பு இருந்ததால், வெர்வர் கப்பல் வாங்க முனைந்தார். 1949இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட ஊமானாக் என்ற கப்பலை 1970இல் வாங்கி லோகோஸ் என்று பெயரிட்டு, 1971இல் இந்தியாவை நோக்கி அனுப்பினர். தளத்தில் புத்தகக் கண்காட்சி, பல நாடுகளைச் சேர்ந்த ஊதியமில்லாத மாலுமிகள், துறைமுகத்தில் சில வாரத் தங்கல் என்ற அமைப்பு வெற்றி பெறவே, 1914இல் கட்டப்பட்டு மெடினா என்ற பெயரில் சரக்குக் கப்பலாகத் தொழிலைத் தொடங்கிய மற்றொரு கப்பலை 1977இல் வாங்கி டூலோஸ் என்று அழைத்தனர். கடலோடும் பயணிக் கப்பல்களில் உலகிலேயே மிகப் பழையது என்ற கின்னஸ் பெருமையோடு அது 2009 இறுதி வரை ஓடியது. லோகோஸ் 1988 ஜனவரியில் தென் அமெரிக்காவின் தென்முனையிலுள்ள பீகிள் கால்வாயில் பாறையில் சிக்கி அழிந்தது. எல்லாரும் உயிர் பிழைத்தனர். அத்தகைய அதிர்ஷ்டம் 1991இல் பிலிப்பைன்சின் சம்போவாங்கா நகரில் இல்லை: அங்கே டூலோஸ் குழுவினர் நடத்திய நிகழ்ச்சியில் வீசப்பட்ட கைக்குண்டுக்கு அக்கப்பலின் இளம் பெண் ஊழியர் இருவர் பலியாயினர். இக்கப்பல்களில் சேர்ந்தவர்கள் பொதுவாக இரண்டாண்டு பணியாற்றினர் என்பதையும், அந்த இரண்டாண்டில் நாற்பது ஐம்பது துறைமுகங்களைக்கூடக் காண முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணிக்காலம் நீண்டதாயினும் எந்த ஓர் ஊரிலும் தங்கிய காலம் குறுகியதே.

இரண்டாவது அமைப்பு யூத் வித் எ மிஷன். பாடகர் குழுவோடு 1956இல் பஹாமாஸ் தீவுகளுக்குச் சென்றிருந்த இருபது வயது லோரன் கன்னிங்ஹாம், உலக வரைபடத்தின் மீது அலை அலையாக இளைஞர் கூட்டம் கரையேறுவதைத் தரிசனமாகக் கண்டதாகப் பின்னாளில் கூறினார். 1960இல் அமைப்பு தோன்றியது. 1964 கோடையில் 146 இளைஞர்கள் பஹாமாசுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் சென்றனர். கன்னிங்ஹாம் போதகராக இருந்த அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் சபை இந்த முயற்சியைத் தன் நிர்வாகத்துக்குள் வைத்துக்கொள்ள விரும்ப, அவர் எல்லாச் சபையினருக்கும் பொதுவாக நடத்த விரும்பி விலகினார். பள்ளிப்படிப்பை முடித்த எவரும் வரலாம், இறையியல் பட்டம் வேண்டியதில்லை, தன் செலவைத் தானே திரட்ட வேண்டும் என்ற மூன்று விதிகளும் பழைய மிஷன் உலகின் மூன்று தூண்களைச் சாய்த்தன. சில மாத வகுப்பும் அதன் முடிவில் இரண்டு மூன்று மாத வெளிக்களப் பயணமும் சேர்ந்த பயிற்சிப் பள்ளி அவர்களுடைய நிலையான வடிவமாயிற்று. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சுமார் ஆயிரம் பேரை அவர்கள் அனுப்பியபோது, மிஷன் பயணத்தின் தேதியை ஒரு விளையாட்டு விழாவே முடிவு செய்தது.

1970களின் இறுதிக்குப் பிறகு நடுவில் அமைப்பு எதுவும் தேவைப்படாமல், உள்ளூர்ச் சபைகளே பயணங்களை நடத்தத் தொடங்கின. கலிபோர்னியச் சபை ஒன்றின் இளைஞர்கள் எல்லை கடந்து மெக்சிகோவின் டிஹுவானாவில் நான்கு நாளில் ஒரு சிறு மரவீட்டை எழுப்பிவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு ஊர் திரும்பலாம். 1980இல் சான் டியேகோவில் தொடங்கிய ஆமோர் என்ற அமைப்பு இதையே நிரந்தர ஏற்பாடாக்கியது. மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் முதன்மையான இடங்களானதற்கு ஆன்மிகக் காரணம் தேட வேண்டியதில்லை: கட்டணம் குறைவு, விமான நேரம் குறைவு, விசா எளிது. குழுக்களில் பெரும்பாலானவை மார்ச் மாதத்து வசந்த விடுமுறையிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான கோடை விடுமுறையிலும் போகின்றன. ஹோண்டுராசிலும் நிகரகுவாவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம். அங்குள்ள கொத்தனார்கள் சுவர் எழுப்ப விரும்பாத மாதங்களில் அயல்நாட்டுக் கட்டடக் குழுக்கள் வந்து இறங்குகின்றன.

இவ்வாறு செல்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நம்பத்தக்க மதிப்பீடு நெடுங்காலம் கிடைக்கவில்லை. சமூகவியலாளர் ராபர்ட் வுத்நோ 2005இல் நடத்திய தேசிய ஆய்வின் அடிப்படையில், அமெரிக்கச் சபையினர் ஆண்டுக்குச் சுமார் 16 இலட்சம் பேர் குறுகிய கால மிஷன் பயணமாக வெளிநாடு செல்வதாகக் கணக்கிட்டார். மாணவர் தன்னார்வ இயக்கம் அரை நூற்றாண்டில் அனுப்பியதைப் போல எண்பது மடங்கு பேர் ஒரே ஆண்டில் போய் வருகின்றனர் என்பது இதன் பொருள். அந்த ஒப்பீட்டில் தலைகளை எண்ணலாமே தவிரத் தங்கிய நாட்களை எண்ணினால் கணக்கு வேறாகும்.

எதிர்ப்புக் குரல்களும் இந்த இயக்கத்துக்கு ஏறத்தாழ ஒத்த வயதுடையவை. ஆஸ்திரியாவில் பிறந்த கத்தோலிக்கக் குரு இவான் இல்லிச், லத்தீன் அமெரிக்காவுக்குச் செல்லும் வட அமெரிக்கர்களுக்கு ஸ்பானிய மொழியும் பண்பாட்டு அறிவும் கற்பிக்க மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் 1961இல் ஒரு பயிற்சி மையத்தை நிறுவியவர். அங்கே வந்தவர்களில் தகுதியற்றவர்களைத் திருப்பி அனுப்புவதே தம் பணியின் பாதி என்பதுபோல் நடந்துகொண்டவர். 1968 ஏப்ரலில், மெக்சிகோக் கிராமங்களில் கோடைச் சேவைக்குத் தயாரான மாணவர்களின் மாநாட்டிலேயே அவர்களைப் போக வேண்டாம் என்று அவர் கடுமையாகச் சொன்னார். ஒரு நாட்டை ரசிக்கவும் அதனிடம் படிக்கவும் வருவதில் குற்றமில்லை, உதவ வருகிறோம் என்ற பாவனையே ஆக்கிரமிப்பு, கிராமத்தாருக்கு விருந்தாளியை வெளியேறச் சொல்ல வழியில்லை என்பதால் அந்தப் பாவனை நீடிக்கிறது என்பது அவர் வாதம். அழைத்த மேடையிலேயே அழைத்தவர்களை மறுத்த அந்த உரை இன்றும் பல்கலைக்கழகச் சேவைத் திட்டங்களில் பாடமாக வைக்கப்படுவது, அதன் தர்க்கத்துக்கு இன்னும் முழுமையான பதில் கிடைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. மூன்றாண்டு கழித்து, கிழக்கு ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்செயலர் ஜான் கட்டு, ஐந்து ஆண்டுகளுக்காவது அயல்நாட்டு மிஷனெரிகளும் பணமும் வராமல் நிறுத்திவைக்கப்பட வேண்டும் என்று கோரினார்; 1974இல் லுசாகாவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடு அந்தக் கோரிக்கையை முன்னெடுத்தது. அது நீண்ட காலம் தங்குபவர்களைக் குறிவைத்த கோரிக்கை. அதன் விளைவுகளில் ஒன்றாக, அதிகாரம் செலுத்தாமல் விரைவில் கிளம்பிவிடும் விருந்தாளிக் குழுவே மேல் என்ற எண்ணமும் சில இடங்களில் வலுப்பெற்றது, கட்டு எதிர்பார்த்திருக்க முடியாத திருப்பம்.

இந்த விவாதத்தின் அடிவேர் 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா ஆற்றிய உரையில் இருக்கிறது. பிற்காலத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அவர், மிஷனெரிகளின் தியாகத்தையும் கொடையையும் ஒப்புக்கொண்டுவிட்டு, தங்களுக்கு இன்னும் கிடைக்காதது நட்பு என்று அவையினரிடம் முறையிட்டார். நெடுங்காலம் ஒரே ஊரில் வாழ்ந்தும் அவ்வூராரை வீட்டுக்கு அழைத்து உடன் உண்ணாத மிஷனெரிகளே அவர் மனத்தில் இருந்தவர்கள். வாழ்நாள் தங்கினால் உறவு தானே வளரும் என்று எண்ணுபவர்களுக்கும், பழைய முறையைப் பொற்காலமாக நினைத்து இன்றைய இரண்டு வாரக் குழுக்களை மட்டும் எள்ளுபவர்களுக்கும் அந்த உரை இடையூறானது.

பணக்கணக்கை முதன்முதலாகச் சரிவர ஆராய்ந்தவர், ஹோண்டுராசிலேயே நெடுங்காலம் வாழ்ந்த சமூகவியலாளர் குர்ட் வெர் பீக். 1998 அக்டோபரில் மிட்ச் சூறாவளி அந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டு பல்லாயிரம் வீடுகளை அழித்த பின், வட அமெரிக்கக் குழுக்கள் கட்டிய வீடுகளையும் உள்ளூர் நிறுவனங்கள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டு 2006இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளூரில் சுமார் 2,000 டாலரில் முடியும் ஒரு வீட்டைக் கட்ட வரும் குழுவுக்குப் பயணச் செலவு உட்பட ஏறத்தாழ 30,000 டாலர் ஆயிற்று. வீட்டைப் பெற்ற குடும்பங்களிடம் அதைக் கட்டியவர் யார் என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. அதைவிடச் சங்கடமானது மற்றொரு முடிவு: போய் வந்தவர்களின் வாழ்க்கையே மாறிவிடும், அவர்கள் அதிகம் கொடுப்பார்கள், அதிகம் ஜெபிப்பார்கள் என்பதே இத்தகைய பயணங்களுக்குச் சொல்லப்பட்ட முதன்மையான நியாயம், ஆனால் அவர்களுடைய கொடையிலோ பழக்கத்திலோ நிலையான மாற்றம் மிகக் குறைவு என்றே அவர் கண்டார். 30,000 டாலரையும் அப்படியே அனுப்பியிருக்கலாமே என்ற கேள்விக்கு, பயணம் இல்லாவிடில் அந்தப் பணமே திரண்டிருக்காது என்று அமைப்பாளர்கள் பதில் கூறுகின்றனர். அது பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் அந்தப் பதில், செலவு யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

உயிர்ச்சேதத்தோடு பாடம் கற்ற நாடு தென்கொரியா. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மிஷனெரிகளை அனுப்பும் நாடுகளின் முன்வரிசைக்கு வந்துவிட்ட அந்நாட்டின் சபைகள், குறுகிய காலக் குழுக்களையும் அதே வேகத்தில் அனுப்பின. 2007 ஜூலை 19 அன்று ஆப்கானிஸ்தானின் கஸ்னி மாகாணத்தில், சியோலுக்கு அருகிலுள்ள ஒரு சபையைச் சேர்ந்த 23 பேர் சென்ற பேருந்தைத் தாலிபான்கள் மறித்துச் சிறைபிடித்தனர். போதகர் உட்பட இருவர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஆகஸ்ட் இறுதிக்குள் விடுவிக்கப்பட்டனர். அதற்குக் கைம்மாறாகத் தன் படையை ஆண்டிறுதிக்குள் விலக்கிக்கொள்வதாகவும், ஆப்கானிஸ்தானில் மிஷனெரிப் பணி நடவாமல் தடுப்பதாகவும் கொரிய அரசு வாக்களித்தது. விடுதலையானவர்களை வரவேற்ற கொரியப் பொதுமக்களிடம் இரக்கத்துக்கு இணையாகக் கோபமும் இருந்தது. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டியில், அமெரிக்கச் சபைக் குழு ஒன்றைச் சேர்ந்த பத்துப் பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முயன்று கைதாயினர். அனாதைகள் என்று கருதப்பட்ட அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தது பின்னர் தெரிந்தது. உள்ளூர் மொழியும் சட்டமும் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்திருந்தால் சில நிமிடக் கேள்விகளில் தெரிந்திருக்கக்கூடிய செய்தி அது. அமெரிக்க மிஷன் அமைப்புகள் சில கூடிக் குறுகிய காலப் பயணங்களுக்கான தர நெறிமுறைகளை 2003இலேயே வகுத்திருந்தன. அவை விருப்பத்தின்பேரில் ஏற்கப்படுபவை, ஏற்காதவரைத் தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

நீண்ட தங்கலையும் குறுகிய தங்கலையும் இணைக்கும் முயற்சிகளில் அளவாலும் ஒழுங்காலும் முதலிடம் பெறுவது மெர்சி ஷிப்ஸ் என்ற மருத்துவக் கப்பல் அமைப்பு. 1964இல் பஹாமாசுக்குச் சென்ற இளைஞர் குழுவில் இருந்த டான் ஸ்டீபன்ஸ், அப்பகுதியைத் தாக்கிய கிளியோ சூறாவளியின்போது எழுந்த எண்ணத்திலிருந்து 1978இல் இதைத் தொடங்கினார். 1953இல் இத்தாலியில் கட்டப்பட்ட விக்டோரியா என்ற பயணிக் கப்பல் அனஸ்தாசிஸ் என்ற பெயரில் அதன் முதல் மருத்துவமனையாயிற்று. இங்கே அறுவை மருத்துவர்களும் செவிலியர்களும் இரண்டு வாரத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ தம் செலவில் வந்து, உணவுக்கும் தங்குமிடத்துக்கும் தாமே பணம் கட்டிப் பணியாற்றுகின்றனர். ஆனால் கப்பல் அந்த நாட்டு அரசின் அழைப்பின்பேரில் வந்து, ஒரே துறைமுகத்தில் ஏறத்தாழ பத்து மாதம் நின்றுவிடுகிறது. நோயாளிகளின் பதிவேடும் அறுவைக்குப் பிந்தைய கவனிப்பும் மொழிபெயர்ப்பாளர்களாக அமர்த்தப்பட்ட உள்ளூர் ஊழியர்களும் மாறாமல் இருக்க, மாறுவது மருத்துவர் மட்டுமே. அறுவைகளின் எண்ணிக்கையைவிட உள்ளூர் மருத்துவர்களுக்கும் மயக்க மருந்து வல்லுநர்களுக்கும் தரும் பயிற்சிக்கு அவ்வமைப்பு அண்மைக்காலத்தில் கூடுதல் இடம் தருகிறது. தொடக்கத்திலிருந்தே மருத்துவமனையாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட, ஆறு அறுவை அரங்குகள் கொண்ட குளோபல் மெர்சி கப்பல், 2022இல் செனகலின் தலைநகரான டக்காரில் பணியைத் தொடங்கியது. வாரந்தோறும் புதிய தன்னார்வலர்கள் விமானத்தில் வந்து ஏறவும் பழையவர்கள் இறங்கவும் அது செல்லும் துறைமுகத்திலேயே நிற்கிறது.